கிராமத்துக்கு ஒரு காடு கேட்டவர்

(மூன்றாமாண்டு, தாவரவியல்)

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் எங்கள் ஊராகிய ஏனாத்தூரில் நடைபெற்றதை நண்பர்கள் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிப் புறம்போக்கில் முந்நூறு கன்றுகள் நட்டோம். புங்கம், வேம்பு, நாவல், நீர்மருது என்று வகை வகையாக நட்டு, முள்வேலி கட்டி, குடம் குடமாக நீர் சுமந்து ஊற்றினோம். நிறைவு நாளன்று மரம் வளர்ப்பதன் சிறப்பைப் பற்றி நானும் மேடையேறிப் பேசினேன், கைதட்டலும் வாங்கினேன்.

நாற்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பதினேழு கன்றுகளே மிஞ்சியிருந்தன. வேலியை இரவோடு இரவாக யாரோ பிரித்துப் போட்டிருந்தார்கள். யாரோ என்ன, எங்கள் தெருக்காரர்கள்தாம். அதைவிடக் கொடுமை, கன்றுகளைத் தின்ற ஆடுகளில் நான்கு என் ஆயாவினுடையவை. இரண்டு நாள் ஆயாவோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வாய் திறந்தார். நீங்கள் தலைவரைக் கேட்டீர்கள், அதிகாரியைக் கேட்டீர்கள், ஆடு மேய்க்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பது அவர் கேள்வி. கோடையில் ஏரிக்குள் மட்டுமே பச்சை இருக்கும். அதையும் அடைத்துவிட்டால் ஆடு எங்கே போகும்? என் தந்தையார் தறியில் பட்டு நெய்பவர். கூலி சில மாதங்களில் தாமதமாகத்தான் கைக்கு வரும். என் முதலாண்டுக் கட்டணம் ஆயா ஆடு விற்ற பணத்தில் கட்டியது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. மேடையில் பேசும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையைத் தாவரவியல் துறை ஆசிரியர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து தடித்த நூலொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்திய மரங்கள் என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல். 1906-இல் வெளிவந்தது. மரம், செடி, கொடி, மூங்கில், பனை என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரிப்பது. நம் ஆய்வகத்தில் செடியின் பெயரைத் தேடும்போதெல்லாம் நாம் புரட்டுகிற நூல்தான். எழுதியவர் யாரென்று நாம் பார்ப்பதில்லை. எழுதியவர் பெயர் டீட்ரிக் பிராண்டிஸ். உன் முந்நூறு கன்றுக்கு நேர்ந்தது இந்த மனிதருக்குப் பெரிய அளவில் நேர்ந்தது, அவர் வரலாற்றைப் படி என்றார் ஆசிரியர். படித்தேன். நான் அறிந்த அளவில் அதைச் சொல்வதே இக்கட்டுரை.

பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னருக்கு ஆலோசகராக அவர் சில ஆண்டுகள் ஏதென்ஸ் சென்றபோது சிறுவனும் உடன் சென்றான். பிறகு கோபன்ஹேகனிலும் கோட்டிங்கனிலும் பானிலும் படிப்பு. 1849 முதல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆசிரியர் பணி. அப்படியே இருந்திருந்தால் நாலு நூல் எழுதிய நல்லாசிரியர் என்ற அளவில் நின்றிருப்பார். திருமணம் அவரை இந்தியப் பக்கம் திருப்பியது. 1854-இல் அவர் மணந்த ரேச்சல், வங்காளத்துச் சீராம்பூர் பாதிரியார் மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் உடன்பிறந்தாள் கணவர் படைத்தலைவர் ஹாவ்லாக். அந்த உறவின் வழியே பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது என்பார்கள்.

டல்ஹௌசிக்கு அப்போது தேக்கு மரக் கவலை. 1852-இல் நடந்த போரில் பர்மாவின் பெகு பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. உலகின் சிறந்த தேக்குக் காடுகளில் ஒன்று அது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். ஆனால் மௌல்மீன், ரங்கூன் மரவணிகர்கள் வெட்டிய வேகத்தைப் பார்த்தால் காடு நெடுநாள் தாங்காது என்று தெரிந்தது. காவலுக்கு ஆள் தேவை. காட்டைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். 1856-இல் பிராண்டிஸ் பெகு காடுகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார்.

இந்த 1856 என்ற ஆண்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்றுதான் தென்னிந்தியாவின் முதல் இரயில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அவ்வாண்டில்தான் சென்னை மாகாணத்துக்கும் கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இரண்டும் தற்செயலாக ஓராண்டில் நேர்ந்திருக்கலாம். ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை வேண்டும். அந்நாளில் நம் மாகாணத்து எஞ்சின்கள் விறகிலேயே ஓடின. 1870-களில் இந்திய இரயில் பாதைகளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் கட்டைகள் தேவைப்பட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கில அரசுக்குப் பிறந்தது இயற்கைமேல் கொண்ட காதலால் அன்று. இதை மறைத்துவிட்டுப் பிராண்டிஸின் வரலாற்றைச் சொன்னால் அது பொய் வரலாறாகிவிடும். அவர் பேரரசின் ஊழியர். பேரரசுக்கு மரம் தரவே வந்தார்.

பெகுவில் அவர் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை தேக்கு மரம் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான சதுர மைல் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் எண்ண முடியாது. அவர் யானைமேல் ஏறி, காட்டை ஊடுருவிச் செல்லும் ஒரு கோட்டில் பயணம் செய்தார். பாதையின் இருபுறமும் கண்ணில் படும் தேக்கை மட்டும் எண்ணினார். மழையிலும் புதரிலும் தாளும் பேனாவும் உதவா. ஆகவே இடக்கையில் நான்கு மூங்கில் குச்சிகள், வலக்கையில் பேனாக் கத்தி. மரத்தின் சுற்றளவை நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு குச்சி. ஆறடி சுற்றளவும் அதற்கு மேலும் உள்ளது முதல் வகுப்பு. ஒரு மரத்தைக் கண்டால் அதற்குரிய குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி வெட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவார். நம் ஊர்ப் பால்காரர் கதவு நிலையில் கோடு கிழித்துக் கணக்கு வைத்த அதே முறை.

அந்தக் கணக்கிலிருந்து அவர் கண்ட விதி எளியது. இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாகப் பெருக்க எத்தனை ஆண்டாகும் என்று பார். ஆண்டுதோறும் எத்தனை மரம் அப்படி மேலேறி வருகிறதோ அத்தனையை மட்டும் வெட்டு. வட்டியைத் தின்னலாம், முதலைத் தொடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுவே. வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. எதிர்த்தார்கள், மேலிடத்துக்கு மனு எழுதினார்கள்.

பெகுவில் அவருக்கு இன்னொரு தரப்போடும் மோதல் இருந்தது. மலையில் கரேன் மக்கள் காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் நெல் விதைத்து, ஓரிரு ஆண்டில் வேறிடம் பெயரும் புனவேளாண்மை செய்துவந்தார்கள். அதில் தேக்கும் எரிந்தது. முதலில் வழக்குத் தொடர்ந்து பார்த்தார்கள், பயனில்லை. பிறகு பிராண்டிஸ் வேறு வழி கண்டார். நெல் விதைக்கும்போதே இடையிடையே தேக்கையும் நடட்டும். அவர்கள் பெயர்ந்து போகையில் பின்னால் தேக்கந்தோப்பு நிற்கும். பிழைத்து நிற்கும் கன்றுகளுக்குக் கூலி கொடுப்போம் என்றார். பர்மியர் மொழியில் டௌங்யா என்பது இம்முறையின் பெயர். பின்னால் பல நாடுகளுக்கு இது பரவியது. பாடநூல்கள் இதைப் பாராட்டுகின்றன. நான் முழுமையாகப் பாராட்டத் தயங்குகிறேன். மலைமக்களுக்குக் கூலி கிடைத்தது. ஆனால் அவர்கள் திரும்பிவந்து மீண்டும் விதைக்க வேண்டிய நிலத்தில் இப்போது அரசாங்கத் தேக்கு நின்றது. இருந்தாலும், காட்டில் வாழ்பவரை விரட்டுவதைவிட அவர்களைச் சேர்த்துக்கொள்வது காட்டுக்கே நல்லது என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்தார் என நினைக்கிறேன்.

1862-இல் இந்திய அரசு அவரை அழைத்துக்கொண்டது. 1864-இல் இந்தியா முழுமைக்குமான முதல் வனத்துறைத் தலைவர் ஆனார். இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃப் ஃபாரஸ்ட்ஸ் என்ற அப்பதவி அவருக்காகவே உண்டாயிற்று. ஷ்லிக், ரிப்பென்ட்ராப் ஆகிய இரு ஜெர்மானியரை உதவிக்கு வரவழைத்தார்; பிற்காலத்தில் அவ்விருவருமே அடுத்தடுத்து அப்பதவியில் அமர்ந்தனர். இதற்கிடையில் மனைவி ரேச்சல் காலமானார். 1867-இல் காதரீனா என்ற ஓவியக் கலை அறிந்த அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார்.

பதவியேற்ற பின் அவர் இமயத்துத் தேவதாரு முதல் மத்திய மாகாணத்துச் சால் மரம் வரை நடந்தும் குதிரையேறியும் பார்த்தார். மரங்களோடு அவற்றை மக்கள் எவ்வாறு காத்து வந்தார்கள் என்பதையும் பார்த்தார் என்பதில்தான் இவர் மற்ற அதிகாரிகளிலிருந்து வேறுபடுகிறார். ஆங்கிலேயர் ஆண்ட அஜ்மீர் மலைகள் மொட்டையாகக் கிடந்தன. அக்கம்பக்கத்து ராஜபுத்திரச் சமஸ்தானங்களின் காடுகளோ பசுமையாக இருந்தன. இதை அவர் அரசுக்கே எழுதினார். தம் எசமானர்களின் ஆட்சியில் காடு கெட்டது, சுதேச மன்னர் ஆட்சியில் தழைத்தது என்று ஓர் அதிகாரி எழுதுவது எளிதன்று. குடகு நாட்டுத் தேவரகாடுகளைப் பற்றியும், காசி, காரோ மலைகளின் கோயில் காடுகளைப் பற்றியும் எழுதினார். நம் பக்கத்து ஏலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் சாமிக்கென்று விடப்பட்ட சோலைகள் இருப்பதையும் குறித்து வைத்தார்.

ஜவ்வாது மலை என்று படித்ததும் எனக்கு ஒரு சிலிர்ப்பு. நாள்தோறும் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் வருகிற நண்பர்கள் பழையசீவரம் நிறுத்தத்தில் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அந்தச் செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். மலையில் ஏதோவோர் ஊரார் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட சோலைக்கும் நம் ஊர்க் கிணற்று நீருக்கும், அந்த நீரில் அலசுகிற பட்டு நூலுக்கும் தொடர்பு உண்டு.

இனி அவர் வாழ்க்கையின் நடுநாயகமான சண்டைக்கு வருவோம். 1865-இல் முதல் வனச் சட்டம் வந்தது. அது போதாது என்று புதுச் சட்டம் எழுத முனைந்தபோது, காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. 1874-இல் அலகாபாத்தில் வன அதிகாரிகள் மாநாடு கூடி இதை விவாதித்தது. பேடன் பவல் என்ற அதிகாரி ஒரு கட்சி. உழாத நிலமெல்லாம் அரசனுடையது. அரசனை வென்றதால் இப்போது நம்முடையது. மக்கள் விறகு எடுத்ததும் மாடு மேய்த்ததும் அரசன் தடுக்காமல் விட்டதால் கிடைத்த சலுகை, உரிமை அல்ல என்பது அவர் வாதம். சென்னை வருவாய் வாரியம் நேர் எதிர்க் கட்சி. இந்த மாகாணத்தில் எந்தத் தரிசுக்கும் புதருக்கும் ஏதாவதொரு கிராமத்தின் உரிமை உண்டு. அதில் அரசு கைவைத்தால் குடிகளுக்கு அநீதி என்றது வாரியம். இதே வாரியம் மற்ற காலங்களில் வரி வசூலில் காட்டிய கண்டிப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

பிராண்டிஸ் இடையில் நின்றார். தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரார் ஒரு காட்டில் மேய்த்தும் வெட்டியும் வந்தால் அது ஏட்டில் இல்லாவிட்டாலும் உரிமையே என்றார். அதே நேரத்தில் எல்லாக் காட்டையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஒரு தலைமுறையில் காடே இராது என்றும் சொன்னார். அவர் கேட்டது இது: பெரிய மதிப்புள்ள காடுகளை அரசு வைத்துக்கொள்ளட்டும், அங்கே மக்களுக்குள்ள உரிமைகளை விசாரித்து எழுதி வைக்கட்டும், முடியாத இடத்தில் ஈடு தரட்டும். அதற்கு இணையாக ஒவ்வொரு கிராமத்துக்கும் சிறிதாவது ஒரு காடு அளந்து விடப்பட வேண்டும். விறகும் புல்லும் தழையும் ஏர்க்காலும் அங்கிருந்து வரட்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஊர்ச்சபைகளுக்குச் சொந்தமான காடுகள் ஊருக்கு வருமானம் தந்து நல்ல நிலையில் இருப்பதை அவர் சிறுவயது முதல் கண்டவர். தனக்கென்று காடு உள்ள ஊரான் அரசாங்கக் காட்டில் ஏன் கைவைக்கப் போகிறான், தீப்பிடித்தால் அவனே முதலில் ஓடிவருவான் அல்லவா என்பது அவர் கணக்கு.

இப்படிப்பட்ட எண்ணம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் அவரிடம் முறையிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு எரு. பறவை போனால் விளைச்சல் போகும். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார் பிளேஸ். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. வயிற்றுப்பாடும் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக இருந்ததால்தான் வேடந்தாங்கல் இன்றும் வேடந்தாங்கலாக இருக்கிறது. பிராண்டிஸ் இதைக் கேள்விப்பட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1878-இல் சட்டம் நிறைவேறியது. பூனா சார்வஜனிக சபை உள்ளிட்டோர் எதிர்த்தும் பயனில்லை. பேடன் பவல் கட்சியே பெரும்பாலும் வென்றது. கிராமக் காடுகள் என்று ஒரு சிறு அத்தியாயம் சட்டத்தில் இடம்பெற்றது உண்மை. பிராண்டிஸுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு அது. ஏட்டுச் சுரைக்காயாகவே அது பெரும்பாலும் கிடந்தது. அரசின் காப்புக்காடுகளோ 1878-இல் 14,000 சதுர மைலாக இருந்தவை 1900-க்குள் 81,400 சதுர மைலாக வளர்ந்தன. சட்டம் வந்த அதே ஆண்டில் டேராடூனில் வனப்பள்ளியையும் பிராண்டிஸ் தொடங்கினார். அங்கே படித்து வெளிவந்தவர்கள் ஆசிரியரின் மரக்கணக்கை நன்றாகவே கற்றார்கள். கிராமக் காட்டைக் கற்றதாகத் தெரியவில்லை.

சென்னை அரசு அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. அதனால் 1881-இல் பிராண்டிஸே இங்கு அனுப்பப்பட்டார். அப்போது கவர்னர் கிராண்ட் டஃப். ஐம்பத்தேழு வயதில், ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கையில், நம் மாகாணத்துக் காடுகளை மாவட்டம் மாவட்டமாக அவர் பார்த்தார். அதற்குச் சற்று முன்புதான், 1879-இல், கோதாவரி மலைப்பகுதியில் ரம்பா கலகம் வெடித்திருந்தது. கள் வரியும் காட்டுக் கட்டுப்பாடும் மலைமக்களைக் கொதிக்க வைத்த காரணங்களில் சேர்ந்தவை. ஆகவே காட்டுச் சட்டம் என்பது வெறும் மரச் சட்டம் அன்று என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக்குமுன் அறிவிப்புச் செய்ய வேண்டும். அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி ஊராரின் பாத்தியதைகளைக் கேட்டு விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் முறை. நல்ல முறைதான். ஆனால் அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? குறித்த கெடுவுக்குள் தாலுகாக் கச்சேரிக்கு நடந்துபோய் என் ஆடு இந்தக் குன்றில் மேய்கிறது என்று எழுதிக் கொடுக்க எந்த ஆயாவால் முடியும்? அடுத்த ஆண்டு, 1883-இல், பிராண்டிஸின் சென்னை மாகாண வன நிருவாகப் பரிந்துரைகள் அச்சாயின. கிராமங்களுக்குக் காடு என்பதை அதிலும் விடாமல் வற்புறுத்தினார். காப்புக்காடுகள் வேர் பிடித்தன. கிராமக் காடு என்னும் அவர் எண்ணம் மட்டும் வேர் பிடிக்கவில்லை. அவ்வாண்டே ஓய்வுபெற்றுப் பானுக்குத் திரும்பினார்.

இங்கே என் மனத்திலுள்ள ஐயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிராண்டிஸ் கேட்ட கிராமக் காட்டிலும் மேலாண்மை வன அதிகாரியின் கையில்தான் இருந்திருக்கும். எப்போது மேய்க்கலாம், எதை வெட்டலாம் என்று ஊரார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். தீ வைத்தலையும் புனவேளாண்மையையும் அவர் கடைசிவரை கண்டிப்போடே பார்த்தார். ஆடு என்றால் அவர் வழிவந்த வனத்துறைக்கு இன்றும் ஆகாது. மக்களை நம்பினார், ஆனால் முழுதாக நம்பவில்லை. அவ்வளவு நம்பியவர்கூட அவர் காலத்து அதிகார வட்டத்தில் அரிது என்பதால் அவரைக் குறைகூற எனக்கு முழு மனம் வரவில்லை.

ஐரோப்பா திரும்பிய பின்னும் அவர் ஓயவில்லை. இந்திய வனப் பணிக்குச் சேர்ந்த ஆங்கில இளைஞர்களை ஜெர்மன் காடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். 1887-இல் சர் பட்டம் வந்தது. அமெரிக்காவிலிருந்து பின்ஷாட் என்ற இளைஞர் அவரை நாடிவந்து வழிகாட்டுதல் பெற்றார். பிற்காலத்தில் அந்நாட்டு வனத்துறையின் முதல் தலைவராக விளங்கியவர் அவரே. எழுபது வயதுக்கு மேல் அவர் எடுத்த வேலைதான் நான் முதலில் சொன்ன நூல். உலர்ந்த இலையும் பூவும் ஒட்டிய தாள்களை லண்டன் கியூ தோட்டத்தில் ஆண்டுக்கணக்காகப் புரட்டி, ஒவ்வொரு மரத்தையும் விவரித்து 1906-இல் முடித்தார். 1907 மே மாதம் பானிலேயே காலமானார். பிராண்டிசியா என்ற தாவரப் பேரினம் அவர் பெயரைச் சுமக்கிறது.

அவர் எச்சரித்தது பின்னால் நடந்தது. 1921-இல் குமாவுன் மலையில் மக்கள் காப்புக்காடுகளுக்குத் தீ வைத்தார்கள். நம் மாகாணத்துக் குண்டூர் மாவட்டத்தில், பல்நாடு பகுதியில், புல்லரி என்னும் மேய்ச்சல் வரியைக் கட்ட மறுத்து நின்ற கன்னெகண்டி அனுமந்து 1922-இல் சுடப்பட்டு இறந்தார். குமாவுன் தீயின் விளைவாக 1931-இல் அங்கே வன பஞ்சாயத்துகள் பிறந்தன. ஊரார் தேர்ந்தெடுத்த குழு ஊர்க்காட்டைக் காப்பது என்ற அம்முறை, குறைநிறைகளோடு, இன்றும் அங்கே நடக்கிறது. வங்காளத்து அரபாரியில் 1970-களில் ஊராருக்கு விளைச்சலில் பங்கு தந்து அழிந்த சால் காட்டை மீட்டார்கள். 1990-இல் நடுவண் அரசு கூட்டு வன மேலாண்மை என்று இதற்கு வழிகாட்டு ஆணை இட்டது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பானிய நிதியுதவியில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஊர்ச் சமூகத்தின் வன உரிமையைச் சட்டத்திலேயே எழுதியது. பிராண்டிஸ் கேட்டதற்கும் இதற்கும் இடையே நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

எங்கள் ஊரில் காடில்லை. ஏரிப் புறம்போக்குதான் உண்டு. ஆனால் கேள்வி அதே கேள்வி. இவ்வாண்டு முகாமுக்கு முன்பே நானும் நண்பர் மூவரும் ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்குப் போனோம். இரண்டு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ஒரு பெரியவர் சென்ற ஆண்டு நான் மேடையில் பேசியதை எனக்கே நடித்துக் காட்டினார், தெருவே சிரித்தது. பிறகு மாரியம்மன் கோயில் திண்ணையில் பதினோரு பேர் கூடினார்கள். கிழக்குப் பக்கம் மேய்ச்சலுக்கே இருக்கட்டும், மேற்கே மட்டும் நடுவது, மூன்றாண்டு அங்கே ஆடு விடுவதில்லை, வேலியை ஆடு வைத்திருப்பவர்களே முறை வைத்துப் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது. மதகடிக்குப் போகும் பாதை பற்றி இன்னும் தகராறு தீரவில்லை. அது எந்தப் பக்கம் என்று இரண்டு வீட்டாருக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆயாவும் வந்திருந்தார். நான் எழுதி வைத்திருந்த கன்றுப் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இதில் கருவேலம் ஏன் இல்லை, கோடையில் அதன் காய்தானே ஆட்டுக்குத் தீனி, முள் வேலிக்கு ஆகும், கட்டை அடுப்புக்கு ஆகும் என்றார். நாட்டுக் கருவேலத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. அறுபது கன்று என்று அடியில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.